கடலுக்கும் ஷிஃப்ட் உண்டு

கடற்கரை டூர் நடத்துகிறவளிடம் ஓசூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி கடலைப் பற்றியதாக இருக்காது, "எத்தன மணிக்கு ரிப்போர்ட் பண்ணணும் மேடம்?" என்பதாகத்தான் இருக்கும்.

பதினாறு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே என் ஆபீஸ். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் கோகர்ணம், முருடேஸ்வர், மால்பே என்று கடற்கரைப் படங்கள். என்னைப் போல அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பிழைக்கும் சக டூர்க்காரர்களே, ஒரே பஸ்ஸில் இருபது பேரின் வாந்தியையும் வாய்ச்சண்டையையும் ஜன்னல் சீட்டுப் பஞ்சாயத்தையும் தாங்கியவர்களே, இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். எனக்குக் கூடுதலாக ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பஸ்ஸில் ஏறியவர்களின் கதை தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இங்கே வருடத்துக்கு ஒரு முறை மெஷின்களைப் பழுது பார்ப்பதற்காகக் கம்பெனிகளை ஒரு வாரம் மூடுவார்கள். ஷட்டவுன் என்று பெயர். எனக்கு அறுவடை அந்த வாரம்தான். போன டிசம்பர் ஷட்டவுனில் இருபத்திரண்டு பேரை ஐந்து நாள் கர்நாடகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். என் கெட்ட பழக்கம் அந்த ஐந்து நாளும் என்னைப் படுத்திய பாடு இது.

நான்கு சீட்டு, இரண்டு பேர்

நவம்பர் கடைசியில் ஒரு காலை. எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி யூனிஃபார்ம், சிவந்த கண்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். பெயர் முனிரத்தினம், கியர் செய்யும் கம்பெனியில் உலை ஆபரேட்டர். தனக்கும் மனைவிக்கும் இரண்டு சீட்டு எழுதச் சொன்னார். "வூட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேக்காதீங்க, நானே சொல்லிக்கறன்" என்றார். அதே நாள் மாலை ஏழு மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். மாதேஸ்வரி, செல்போன் பாகம் கோர்க்கும் கம்பெனியில் ஒரு வரிசை ஆட்களை மேய்க்கும் லைன் லீடர். அதே டூரில் தனக்கும் கணவருக்கும் இரண்டு சீட்டு. அவளும் அதையே சொன்னாள், அவர்கிட்ட நானே சொல்லிக்கறன் என்று. நான்கு சீட்டுக்கும் ஒரே மூக்கண்டப்பள்ளி முகவரி என்பதை மூன்று நாள் கழித்துப் பட்டியல் போடும்போதுதான் கவனித்தேன்.

மாதேஸ்வரியை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பையன் சின்னவனாக இருந்தபோது வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர் நிரந்தர நைட் ஷிஃப்ட் வாங்கினார், இவள் பகலில் போனாள். பையன் வளர்ந்து கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். ஷிஃப்ட் மட்டும் மாறவே இல்லை. ஓவர்டைமோடு சேர்த்து இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரம். அவர் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது இவள் பஸ் கிளம்பிவிடும். வார விடுமுறை அவருக்கு வியாழன், இவளுக்கு ஞாயிறு. வியாழக்கிழமை இவள் வந்து சமைத்து முடிப்பதற்குள் இவளுக்குக் கண் சொருகிவிடும், ஞாயிறு பகலில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது அவருடைய கம்பெனி குஜராத்தில் புது ஆலை திறக்கிறது. அவரை அங்கே சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். போகிறாரா இல்லையா என்று ஷட்டவுன் முடிந்த முதல் நாள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இருவருடைய கம்பெனிக்கும் ஒரே வாரத்தில் ஷட்டவுன் வருவது இதுதான் முதல் தடவையாம். "ஒரு முடிவு பண்ணணும்னா ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிட்டு இருக்கணும் இல்லீங்களா மேடம், அதுக்குத்தான் சீட்டு போட்டன்."

தென்னை மரத்தடி

விடியற்காலையில் ஓசூரில் ஏறி, பெங்களூர் விழித்துக்கொள்ளும் முன்பே அதைத் தாண்டி, ஹாசன் வழியாக மலையிறங்கி, சாயங்காலம் உடுப்பிக்கு வடக்கே கடலோரம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத்தான் நிலம். அந்த நிலத்தில் தென்னந்தோப்புக்குள் நான் வழக்கமாகத் தங்கவைக்கும் வீடு இருக்கிறது. பஸ் நின்றதும் எல்லோரும் கடலைப் பார்த்து ஓடுவார்கள், நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடுவேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இந்த முறை யாரும் ஓடவில்லை. தங்கராஜ் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

தங்கராஜ் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். டூருக்குக் குடும்பத்தை விட்டுவிட்டு விசிலைக் கொண்டுவந்திருந்தார். கடலுக்கு முதுகு காட்டி நின்று பத்து நிமிடம் பேசினார். இடுப்பளவுக்கு மேல் இறங்கக் கூடாது. ஒருவர் குளித்தால் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். எந்தப் பொறுப்பில் இருந்தாலும் ரிலீவர், அதாவது மாற்று ஆள், வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. மெஷினில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதில்லை, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் பதினாறு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது இவருக்குப் பத்தே நிமிடத்தில் நடந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கடைசியாக ஒரு தென்னை மரத்தைக் காட்டி, ஆபத்து என்று விசில் கேட்டால் எல்லோரும் அதன் கீழே வந்து கூட வேண்டும் என்றார். வரிசையில் நின்ற நாகராஜ் அண்ணாந்து பார்த்தார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவர், எதையும் அண்ணாந்தும் குனிந்தும் பார்க்காமல் விடமாட்டார். மரத்தில் நாலு குலை முற்றிய தேங்காய் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலக் கையைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: "சார், அந்த மரத்துக்கடியில நிக்கறதுக்கு ஹெல்மெட் குடுப்பீங்களா?"

ஆறு பக்கத் தூண்கள்

மறுநாள் காலை மால்பே துறையில் படகேறி செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போனோம். எல்லோரும் டால்ஃபின் தெரிகிறதா என்று ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்க, முனிரத்தினம் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவருக்கு அது தூங்கும் நேரம். மாதேஸ்வரி அவர் தோளைத் தொட்டு எழுப்பப் போனாள், அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து, இவர்கள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்தத் தீவில் மணலைவிடப் பாறைதான் பிரசித்தம். தூண்களை நெருக்கி நெருக்கி நட்டுவைத்தது போல நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பட்டை பட்டையாகப் பக்கங்கள் இருக்கும். எல்லாமே ஆறு பக்கம் என்று மனப்பாடமாக வைத்திருப்பதை ஒப்பித்தேன். நாகராஜ் சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். டூருக்கு எவராவது ஸ்கேல் கொண்டுவருவாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்னும் நாலு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தூணாக எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்து பக்கம் இருந்தது, ஏழு பக்கம் இருந்தது. இத்தனை வருடம் வந்துபோன எனக்கு அது தெரியாது, நான் எண்ணியதே இல்லை.

இதையெல்லாம் யார் வெட்டியது என்று ஒருவர் கேட்டார். எரிமலை என்ற ஒரு சொல்லுக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. அப்போது பின்னாலிருந்து முனிரத்தினம் பேசினார். "யாரும் வெட்டல. நல்லா சூடா இருந்து மெதுவா ஆறியிருக்குது. ஆறறப்ப சுருங்கும், சுருங்கறப்ப விரிசல் விடும். எங்க உலையில இப்பிடி விட்டா மெமோ குடுப்பாங்க." ஒரு தூணைத் தடவிக்கொண்டே, வேகமாக ஆறினால் எப்படி உடையும், மெதுவாக ஆறினால் எப்படி என்று விளக்கிக்கொண்டே போனார். மாதேஸ்வரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, யாரோ ஒருத்தியின் புருஷனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்குத் திரும்பும்போது நாகராஜ் என்னைத் தனியே நிறுத்தினார். "அடுத்த தடவ ஆறு பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க மேடம், ஆறு பக்கம், ப்ளஸ் ஆர் மைனஸ் ஒண்ணுன்னு சொல்லுங்க."

மணிக்கு ஒரு குச்சி

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத நேரம். டீ டம்ளரோடு கடற்கரைக்குப் போனேன். முனிரத்தினம் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மணலில் தென்னங்குச்சிகள் ஏற்றமும் இறக்கமுமாக வரிசையாக நடப்பட்டிருந்தன. இரவில் தூக்கம் வராதாம். வந்த முதல் ராத்திரியிலிருந்து, மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எதுவரை வந்தது என்று பார்த்து ஒரு குச்சி நட்டு, நோட்டிலும் எழுதியிருக்கிறார். உலைக்கு மணிக்கு ஒரு தடவை சூடு பார்த்து எழுதுவது பதினெட்டு வருடப் பழக்கம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். நேரம், குச்சி நம்பர், குறிப்பு என்று மூன்று கட்டம். குறிப்பில் ஓர் இடத்தில் 'இரைச்சல் கம்மி' என்றும் இன்னோர் இடத்தில் 'நண்டு' என்றும் இருந்தது.

ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு மெதுவாகக் கேட்டேன், மாதேஸ்வரிகிட்ட பேசினீங்களா என்று. எனக்குக் கேட்க உரிமை இல்லைதான், ஆனாலும் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அவ தூங்கறா மேடம். அவ தூங்கறதப் பாத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு. எழுப்ப மனசு வரல." இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. பகலில் அவரை இவள் எழுப்ப மாட்டாள், ராத்திரியில் இவளை அவர் எழுப்ப மாட்டார். ஐந்து நாளில் இரண்டு நாள் போய்விட்டது. இந்த மரியாதையில் இன்னும் எத்தனை நாள் ஓடுமோ என்று கவலையாக இருந்தது.

அவர் மறுபடி நோட்டைக் காட்டினார். முதல் ராத்திரி தண்ணீர் மேலேறி நின்றது ஒரு மணிக்கு. நேற்று ஒன்றே முக்கால். ஏன் இப்படி என்று ஆற்றுக்கரைப் படகுக்காரரைக் கேட்டாராம், அது நிலாவின் கணக்கு என்று அவர் சொன்னாராம். முனிரத்தினத்துக்கு அந்தப் பதில் போதவில்லை, நிலாவுக்கு யார் நேரம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். "கடலுக்கும் ஷிஃப்ட் இருக்குது மேடம், ஆனா தெனமும் முக்கா மணி நேரம் லேட்டா பஞ்ச் பண்ணுது."

சிப்பிப் பெண்கள்

அன்று காலை எல்லோரும் குளிக்கப் போனார்கள், முனிரத்தினம் அறைக்குப் போய்த் தூங்கினார். மாதேஸ்வரி மட்டும் ஆற்றுப் பக்கம் வந்தாள். தண்ணீர் வடிந்த சேற்றில் உள்ளூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலால் துழாவிச் சிப்பி எடுத்து, கரையில் வட்டமாக உட்கார்ந்து கழுவிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அது எங்கள் எல்லைக் கன்னடம். கடலோரத்துக் கன்னடம் பாதிதான் பிடிபட்டது. மீதியைக் கையால் பேசினாள். சிப்பி மண்ணுக்குள் எப்படி மூச்சு விடும், எந்த அளவுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட வேண்டும் என்று அவள் கேட்ட கேள்விகளில் நானே மறந்துபோனேன், என் வேலை என்ன என்று.

அரை மணி நேரத்தில் அவளுக்குள் இருந்த லைன் லீடர் எழுந்துவிட்டாள். ஒவ்வொருத்தியும் எல்லா வேலையும் செய்வதால் நேரம் வீணாகிறது என்றாள். அவர்களை ஒருவர் பின் ஒருவராக வரிசையில் உட்காரவைத்தாள். முதல் பெண் கழுவ, அடுத்தவள் அளவு பார்க்க, அதற்கடுத்தவள் கூடையில் போட, சிப்பி கைமாறிக்கொண்டே போனது. கூடை நிஜமாகவே சீக்கிரம் நிரம்பியது. அந்தப் பெண்களும் சிரித்துக்கொண்டே ஒரு கூடை வரை செய்து பார்த்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவள் எழுந்து, மறுபடி வட்டமாகவே உட்காரச் சொன்னாள். மாதேஸ்வரி காரணம் கேட்டாள். அந்த அம்மாள் சொன்ன பதிலை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள். "வேலை சீக்கிரம்தான் ஆகுது, ஆனா முன்னாடி இருக்கறவ முதுகுதான் தெரியுது, மொகம் தெரியாம எப்பிடிப் பேசறதுன்னு கேக்கறாங்க."

ரிலீவர் வரவில்லை

நான்காம் நாள்தான் கடைசி முழு நாள். ஆறு கடலில் சேரும் இடத்தில், தண்ணீர் வடியும்போது மட்டும் ஒரு மணல்திட்டு வெளியே வரும். கணுக்கால் தண்ணீரில் நடந்தே அதற்குப் போகலாம். காலை எட்டரைக்கு எல்லோரும் போனோம். பைகளையும் செல்போன்களையும் திட்டின் உச்சியில் ஒரு தார்ப்பாயில் குவித்தோம். காக்கை தூக்காமல் பார்த்துக்கொள்ள ஆளுக்கு அரை மணி நேரம் என்று தங்கராஜ் டியூட்டி பட்டியல் எழுதினார். மற்றவர்கள் சங்கு பொறுக்கினார்கள். முனிரத்தினம் அன்று தூங்கப் போகவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். அவருக்கு ஒன்பதரை டியூட்டி.

பத்து மணிக்குப் படகுக்காரர் கரையிலிருந்து குரல் கொடுத்தார், தண்ணீர் திரும்புகிறது, வந்துவிடுங்கள் என்று. அவரவர் பையை எடுத்துக்கொண்டு நடந்தோம். கரையில் தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. திரும்பிப் பார்த்தால், வெறும் தார்ப்பாயையும் ஒரு தண்ணீர் கேனையும் காவல் காத்துக்கொண்டு முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். தங்கராஜ் விசில் ஊதினார். அங்கிருந்து பதில் வந்தது, ரிலீவர் வரல என்று. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது திட்டியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அது தப்பு என்று சொல்லவில்லை. அடுத்த டியூட்டி யார் என்றுதான் கேட்டார்கள். தங்கராஜ் பட்டியலை விரித்தார். பத்து மணிக்கு மாதேஸ்வரி.

மாதேஸ்வரி செல்போனை என் கையில் கொடுத்தாள், சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அதற்குள் முழங்கால் அளவு வந்திருந்தது. அவள் போய்ச் சேர்ந்து தார்ப்பாயில் உட்கார்ந்தாள். டியூட்டி மாற்றிக்கொண்ட முனிரத்தினம் எழுந்து வருவார் என்று பார்த்தால், வரவில்லை. இருவரும் அங்கேயே இருந்தார்கள். நடுவில் இருந்த வாய்க்கால் எங்கள் கண் முன்னாலேயே அகலமாகிக்கொண்டு போனது. தங்கராஜ் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் இதற்கு வழி இல்லை. "ஒரு பாயின்ட்டுல ரெண்டு பேரு நிக்கதுக்கு நம்ம ரூல்ல இடமே கிடையாது மேடம்."

கணக்கில் வராதது

படகை அனுப்பச் சொல்லிப் படகுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, திட்டின் உச்சி ஒரு மணி வரை நனையாது, அவசரமே இல்லை என்றார். ஆனாலும் என் தொந்தரவு தாங்காமல் பதினொரு மணிக்கு ஒரு தடவை போனார். முனிரத்தினம் எழுந்து நின்று, அப்புறம் வா என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். சக டூர்க்காரர்களே, உங்களிடம் மறைப்பானேன். நாகராஜிடம் பைனாகுலர் இருந்தது. சத்தியமாக நான் கேட்கவில்லை, அவராகத்தான் கொடுத்தார்.

முதலில் அவள்தான் பேசினாள். அவர் குச்சியால் மணலில் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசினார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கட்டத்தில் அவள் கண்ணைத் துடைத்தது தெரிந்தது. நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன், அதற்கு மேல் பார்ப்பது அசிங்கம் என்று தோன்றியது. மறுபடி எடுத்தபோது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் யாரும் குளிக்கப் போகவில்லை, சாப்பிடவும் போகவில்லை. இருபது பேரும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

பன்னிரண்டரைக்குப் படகு போய் அவர்களைக் கூட்டிவந்தது. மாதேஸ்வரி நேரே அறைக்குப் போய்விட்டாள். நான் முனிரத்தினத்தைப் பிடித்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நோட்டை நீட்டினார். பத்தரைக்கு நடக்க முடியாமல் போகும், ஒரு மணி வரை உச்சி காய்ந்திருக்கும் என்று முந்தின ராத்திரியே எழுதி, படகுக்காரரிடமும் காட்டிச் சரிபார்த்திருக்கிறார். டியூட்டி பட்டியலில் தன் பெயருக்கு அடுத்து மனைவி பெயரைப் போடச் சொன்னதும் அவர்தான். "ரெண்டு மணி நேரம் கெடைக்கும்னு கணக்குப் போட்டன் மேடம், அவ வருவாளாங்கறதுதான் கணக்குல வரல."

பிளாஸ்டிக் டம்ளரில் டீ

ஐந்தாம் நாள் திரும்பும் வழியில், ஹாசன் தாண்டி ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. என்ன முடிவு ஆனது என்று எனக்கு இன்னும் தெரியாது. முந்தின நாள் மதியத்திலிருந்து கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டு வந்தார்கள். காலையிலிருந்து முனிரத்தினம் ஒரு நொடிகூடக் கண் மூடவில்லை. அதைப் பார்த்து, சரி, குஜராத் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு குடும்பத்தை ஒன்று சேர்த்துவிட்ட பெருமிதத்தில் இரண்டு டீயை நானே வாங்கிக்கொண்டு மாதேஸ்வரியிடம் போனேன்.

"அவர் போறாரு மேடம்" என்றாள். நான் டம்ளரைப் பிடித்தபடியே நின்றேன். பையன் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை இவள் இங்கே வேலையை விட முடியாது. அதற்கப்புறம் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இதற்காகவா அந்தத் தண்ணீரில் இறங்கினாய், ஓசூர் எங்கே குஜராத் எங்கே, ஒரே ஊரில் இருந்தே முகம் பார்க்க முடியவில்லை என்றாயே என்று கொட்டிவிட்டேன். கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன் போல, பன் வாங்கிக்கொண்டிருந்த முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பது போலத் தலையாட்டினாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரலில் கலக்கம் இல்லை. "அங்க அவருக்குப் பகல் ஷிஃப்ட் மேடம். சாயந்தரம் ஏழு மணிக்கு நானும் வூட்ல இருப்பன், அவரும் ரூம்ல இருப்பாரு, தெனமும் பேசிக்கலாம். இத்தன வருஷம் ஒரே வூட்ல வேற வேற நேரத்துல இருந்தோம், இனிமே வேற வேற ஊர்ல ஒரே நேரத்துல இருப்போம்."

சக டூர்க்காரர்களே, என் விளம்பர நோட்டீசில் வருடா வருடம் அச்சடிக்கிற 'குடும்பத்தோடு கூடிக் களிக்க' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன போடுவது என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், ஆனால் சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், நான் முழித்திருப்பேன்.